பட்டியலில் ஏற வேண்டிய ஒரு தொழில்

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா என்றால் கம்பனையும் இளங்கோவையும் கேட்டு மகிழலாம் என்று வந்திருக்கும் இப்பேரவையில், அடுப்பங்கரையைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறேன். செயலாளர் அவர்கள் தலைப்பு என்னவென்று கேட்டபோது, "சமையற்காரரின் வெளிநாட்டுப் பிரயாணம்" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நான் விவரம் சொல்லக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதையே பேசுங்கள்" என்றார். இந்நகரில் உணவுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் சமையலாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த துறை அது ஒன்றே ஆதலின், அதற்கு அப்பால் நான் போக மாட்டேன் என்று அஞ்சாமல் கேட்கலாம்.

இலக்கியம் எதிர்பார்த்து வந்தோரை முற்றிலும் ஏமாற்றுவது முறையன்று. மணிமேகலையில் சோழ மன்னனுடைய எழில்மிக்க மண்டபம் ஒன்றைச் சாத்தனார் வருணிக்கிறார். அதனைக் கட்டியவர் யாவர்? மகத நாட்டிலிருந்து வந்த கைவினையாளர், மராட்டிய நாட்டுக் கம்மியர், அவந்தி நாட்டுக் கொல்லர், கடல் கடந்து வந்த யவனத் தச்சர் ஆகியோர் தமிழ்நாட்டுத் தொழிலாளரோடு கூடிக் கட்டினர் என்கிறார் புலவர். அன்று மராட்டியக் கம்மியன் காவிரிக் கரைக்குப் போனான். பின்னாளில் காவிரிக் கரையிலிருந்து தோசைக் கல்லைத் தூக்கிக்கொண்டு நம்மவர் மராட்டிய மண்ணுக்கு வந்தனர். கணக்கு நேராகிவிட்டது. தனக்கு வேண்டிய திறமை தன்னிடம் குறைந்தபோது அதை உடையவனை வெளியிலிருந்து அழைத்துக்கொள்வது நாடுகளின் பழைய வழக்கம் என்பதற்கே இதைச் சொன்னேன்.

இன்று அவ்வழக்கத்திற்கு ஒரு பட்டியல் ஏற்பட்டிருக்கிறது. பிறநாட்டு அரசுகள் சில, தம் நாட்டில் எந்தெந்தத் தொழிலுக்குத் தேர்ந்த ஆட்கள் போதவில்லை என்று ஆராய்ந்து, அத்தொழில்களின் பெயரை வரிசையாக எழுதி வெளியிடுகின்றன. பற்றாக்குறைத் தொழிற்பட்டியல் என்று அதை நாம் சொல்லிக்கொள்வோம். பட்டியலில் பெயர் இருந்தால் முதலாளி எளிதாக வெளிநாட்டு ஆளை அழைக்கலாம். பெயர் இல்லையேல், ஆளும் வேலையும் காத்துக்கொண்டிருந்தாலும் கதவு திறவாது. மருத்துவர், தாதியர், பொறியியலாளர் ஆகியோருக்கு அங்கே இடம் தேடி வாதாட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நான் வாதாட வந்திருப்பது சமையற்காரருக்காக. தென்னிந்தியச் சமையலில் கைதேர்ந்தவரை, அவரைத் தேடும் நாடுகள் தத்தம் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான சான்றை இங்கிருந்தே நாம் திரட்டித் தர வேண்டும் என்பது அதன் மறுபாதி.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். இவ்விஷயத்தில் அங்கு நடந்தவை யாவும் அச்சில் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு குடியேற்ற ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் மெட்காஃப் அதன் முதல் தலைவர். 2008 செப்டம்பரில் வெளிவந்த அக்குழுவின் முதல் பட்டியல் அறிக்கைக்கு மூன்று சொற்களே தலைப்பு. அவற்றை மூன்று வினாக்களாக விரித்துச் சொல்லலாம். இத்தொழில் திறன் வேண்டும் தொழில்தானா? ஆட்களுக்கு மெய்யாகவே பற்றாக்குறை உண்டா? உண்டெனில், அதைத் தீர்க்க வெளிநாட்டாரை அழைப்பதுதான் அறிவுடைய வழியா? இம்மூன்று வாயில்களையும் கடந்த தொழிலே பட்டியல் ஏறும்.

முறையான ஏற்பாடு; குறை சொல்ல இடமில்லை. அதில் யார் யார் ஏறினர் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பாலே என்னும் மேனாட்டு நடனம் ஆடுவோர் ஏறினர். மீனைக் கையால் அரிந்து முள் நீக்குவோர் ஏறினர். செம்மறியாட்டின் கம்பளி மயிரைக் கத்தரிப்போரும் ஏறினர்! ஆடு கத்தரிப்பவரைப் பல்கலைக்கழகத்தில் யாரும் படிக்கவைப்பதில்லை. அவர் எவ்வாறு திறனாளர் ஆனார்? அந்நாட்டுக் கம்பளி வாரியம் அத்தொழிலுக்குப் படிப்படியாகத் தேர்வு வைத்துப் பதக்கம் தருகிறது. வெண்கலப் பதக்கமோ அதற்கு நிகரான தகுதியோ உடையவர் திறனாளர் என்று எழுதிவிட்டனர். கையில் உள்ள வித்தையைக் காகிதத்தில் ஏற்ற ஒரு வழி அத்தொழிலுக்கு முன்பே இருந்தது. அன்பர்களே, இந்த ஆட்டுக்காரரை மறந்துவிடாதீர்கள். அவரிடம் மீண்டும் வருவேன்.

நம் சமையற்காரர் கதை என்னாயிற்று? அவரும் 2008-இல் ஒருவாறு ஏறினார். 2011-இல் நிபந்தனைகள் இறுகின. தலைமைச் சமையலாளர், அவருக்கு அடுத்தவர், ஒரு வகைச் சமையலில் தனித்தேர்ச்சி உடையவர் என்னும் சில படியினர் மட்டுமே என்றனர். ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்றனர். ஊதிய வரம்பு பிற்பாடு ஆண்டுக்கு 29,570 பவுன் வரை உயர்ந்தது. இவையெல்லாம் கடுமையே எனினும் காரணத்தோடு கூடியவை. மற்றொரு நிபந்தனை இருந்தது பாருங்கள்: உணவைப் பொட்டலம் கட்டி வெளியே கொடுக்கும் கடையாக இருத்தல் கூடாது. மேசையில் இலை போட்டுப் பரிமாறினால் திறனாளர். அதே தோசையை அதே கையால் வார்த்துத் தாளில் சுருட்டிக் கொடுத்தால் திறனற்றவர்! துரித உணவுக் கடைகளை விலக்க எண்ணிப் போட்ட வேலி, நல்ல சமையற்காரரையும் சேர்த்து அடைத்துவிட்டது. ஊரெங்கும் உள்ள இந்திய, வங்காள தேச உணவு விடுதிக்காரர் பல ஆண்டுகள் முறையிட்ட பின், 2019 அக்டோபரில்தான் அந்நிபந்தனை நீங்கியது.

பின்னர் 2021-இல் புதிய முறை வந்தது. திறனின் அளவுகோலையே தாழ்த்திவிட்டதால், பட்டியலின் துணையின்றியே சமையலாளர் போக முடிந்தது. அந்த வசதி நீடிக்கவில்லை. 2024 ஏப்ரலில் பொது ஊதிய வரம்பு 26,200 பவுனிலிருந்து ஒரே தாவலில் 38,700 ஆயிற்று. 2025 ஜூலை 22 முதல், பட்டப்படிப்புக்கு நிகரான தொழில்களுக்கே பொதுவாக இடம் என்று அளவுகோல் மீண்டும் உயர்ந்தது. சமையற்காரர் வெளியே நின்றார். பட்டப்படிப்புக்குக் கீழ்ப்பட்ட சில தொழில்களுக்காகத் தற்காலிகப் பட்டியல் ஒன்று வந்தது. அதிலும் அவர் பெயர் இல்லை. அரசு தன் தொழில் வளர்ச்சித் திட்டத்தில் முதன்மையாகக் கொண்ட எட்டுத் துறைகளில் விருந்தோம்பல் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி, அம்மூன்று வினாக்களையே நாமும் எடுத்து விடை கூறிப் பார்ப்போம்.

முதல் வினா திறனைப் பற்றியது. இங்குதான் சிறிது நேரம் தங்கப் போகிறேன். என் தொழில் பேச்சு என்று பொறுத்தருள வேண்டும். "இட்லி மாவு அரைப்பதில் என்ன வித்தை? நான்கு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, புத்தகத்தில் இருக்கிறதே" என்று புதிய மாணவர் கேட்பதுண்டு. நான் அவர்களுக்கு மே மாதத்தில் ஒரு நாள், ஜனவரியில் ஒரு நாள் அதே அளவில் மாவு அரைக்கச் சொல்வேன். மே மாதத்து மாவு நள்ளிரவிலேயே பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். ஜனவரி மாவு காலை வரை கல்லாகக் கிடக்கும். புது உளுந்து நன்றாகக் காணும். ஓராண்டு கிடந்த உளுந்து பாதிதான் காணும். அதற்கேற்ப அரிசியைக் குறைக்க வேண்டும். இயந்திரம் சூடேறினால் மாவும் சூடேறும். குளிர்ந்த நீரைத் தெளித்துக்கொண்டே அரைக்க வேண்டும். கையை விட்டுப் பார்த்து, இது இத்தனை மணிக்கு எழும் என்று சொல்கிற சமையற்காரரிடம் வெப்பமானி இல்லை. அவருடைய மணிக்கட்டே வெப்பமானி. லண்டனின் டிசம்பர்க் குளிரில் ஐந்நூறு இட்லிக்கு மாவு எழுப்ப வேண்டுமானால், புத்தகம் படித்தவரால் ஆகாது.

மைசூர்ப்பாகை எடுத்துக்கொள்ளுங்கள். பாகு ஒரு கம்பிப் பதத்தில் இருக்கும்போது மாவைத் தூவி, காய்ந்த நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, நுரைத்துப் பூத்து வரும் அந்த நொடியில் இறக்க வேண்டும். அரை நிமிடம் முந்தினால் களி. அரை நிமிடம் பிந்தினால் செங்கல். அந்த நொடியை வாயால் சொல்லிக் கொடுக்க எனக்கு முப்பது ஆண்டிலும் இயலவில்லை. மணத்தாலும் கரண்டியின் கனத்தாலும் அறிய வேண்டியது அது. நாற்பது பேருக்குச் சாம்பார் வைப்பவர் நானூறு பேருக்கு வைக்கும்போது உப்பையும் புளியையும் பத்து மடங்காக்கினால் வாயில் வைக்க முடியாது. எவ்வளவு என்பதைத் தேர்ந்தவர் கண்ணால் பார்த்தே போடுவார். பழம்புளியா புதுப்புளியா என்று பார்த்துத்தான் போடுவார்.

இதில் படிநிலை இல்லையா என்றால், நன்றாக இருக்கிறது. நம் உணவு விடுதிகளின் சமையற்கட்டில் பாத்திரம் துலக்க வந்த பையன் அரவைக்கு ஏறுவான், அரவையிலிருந்து உதவியாளாவான், கல்லில் நின்று தோசை மாஸ்டர் ஆவான், பிறகு டிபன் மாஸ்டர், குழம்பு, கூட்டு, சட்டினி முதலியவற்றிற்குப் பொறுப்பேற்கும் சரக்கு மாஸ்டர் அதற்கும் மேல். இனிப்புக்குத் தனி மாஸ்டர். சரக்கு மாஸ்டராகப் பத்தாண்டும் பன்னிரண்டாண்டும் ஆவது சாதாரணம். மேனாட்டுச் சமையற்கட்டின் படிநிலைகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் இவ்வரிசை வாய்மொழியிலேயே வாழ்கிறது. சரக்கு மாஸ்டர் என்று எழுதி முத்திரை குத்திய காகிதம் ஒன்றை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. சிறுபாணாற்றுப்படையில், வீமன் செய்த சமையல் நூலின் நெறி தவறாமல் ஆக்கிய பலவகை உணவு பேசப்படுகிறது. நூலின்படி சமைத்தான் என்று சொல்லித் தரம் காட்டும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்திருக்கிறது. அதை எப்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை.

காகிதம் இல்லாமையால் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் சமைத்தவர் அவர். தாமிரபரணிக் கரையில் பிறந்து, பதினான்கு வயதில் அண்ணனோடு ரயிலேறித் தாதரில் இறங்கியவர். எங்கள் நிலையத்தில் சிறப்பு வகுப்பெடுக்க நான் அவரை அழைப்பதுண்டு. என் மாணவருக்கு மைசூர்ப்பாகின் நொடியைக் காட்டியவர் அவர்தாம். 2012-ஆம் ஆண்டு லண்டனில் ஓர் உணவு விடுதிக்காரர் அவர் சமையலை உண்டு பார்த்து வேலைக்கு அழைத்தார். ஊதியம் சட்டப்படி தரவும் இசைந்தார். ஐந்தாண்டு அனுபவத்திற்குச் சான்று கேட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உடையவரிடம் ஐந்தாண்டுக்குச் சான்று இல்லை! சம்பளம் ரொக்கமாகவே வாங்கியவர். சம்பளச் சீட்டு இல்லை. சேமநிதிக் கணக்கு இல்லை. பெயர் எழுதிய வருகைப் பதிவேடு கறையான் பிடித்துப் போயிற்று. மெஸ் முதலாளி நல்லவர்; கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தாளில் பதிவு எண் இல்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதன் பிறகு, வேறு வழியில் அனுப்புவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம் நான்கு லட்சம் ரூபாய் கொடுத்து இழந்தார். மனைவியின் நகையும் ஊரில் இருந்த பங்கு மனையும் அதில் போயின. நான் அப்போது அவருக்குத் துணை நின்றிருக்கலாம். காகித வேலை தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அந்தக் குறை எனக்கு உண்டு.

இரண்டாம் வினா பற்றாக்குறை. இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்று பிளந்த வேலை நேரம், அனல், நள்ளிரவில் வீடு திரும்புதல் ஆகியவற்றை உள்நாட்டு இளைஞர் விரும்புவதில்லை. விடுதி முதலாளிகளின் பிள்ளைகள் மருத்துவராகவும் கணக்காளராகவும் போய்விட்டனர். நம் மாதுங்காவிலும் இதே கதைதான். தந்தையின் மெஸ்ஸை ஏற்று நடத்தும் பிள்ளை எத்தனை பேர்?

மூன்றாம் வினாதான் கடினமானது. நேர்மையாகச் சொன்னால், எதிர்க்கட்சியின் வாதம் வலிமை உடையது. "ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள், இந்தச் சம்பளத்திற்குக் கிடைக்கவில்லை என்பதுதானே பொருள்? சம்பளத்தை உயர்த்துங்கள், உள்நாட்டாரைப் பழக்குங்கள், அது செய்யாமல் வெளியிலிருந்து மலிவாக ஆள் கேட்பது எங்கள் தொழிலாளியை ஏமாற்றுவதாகும்" என்பர். இதனை வெறுப்புப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. வெளியூரார் வந்து எங்கள் வேலையைக் கவர்ந்தனர் என்ற குரல் 1960-களில் இந்நகரிலேயே நம்மை நோக்கி எழுந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அக்குரலின் கடுமையை நாம் அனுபவித்தோம். ஆயினும் அதற்கு அடியில் இருந்த கவலை, வேலை தேடும் எந்த ஊர் இளைஞனுக்கும் இயற்கையானதே.

இக்கவலைக்கு விடை சொல்லும் வகையில் நம் வழக்கு அமைய வேண்டும். எல்லாச் சமையற்காரரையும் விடுங்கள் என்று கேட்டால் ஒருவரையும் விட மாட்டார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே சேவைத் துறையில் சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க விதி இடம் தரவில்லை. இந்தியச் சமையற்காரர் வேண்டுமானால் அதற்கு மேற்பட்ட 'எஸ் பாஸ்' என்னும் அனுமதிதான். அதன் குறைந்தபட்ச ஊதியம் 2022 செப்டம்பரில் மாதம் 3,000 வெள்ளி ஆயிற்று. சிறிய உணவுக் கடைக்காரருக்கு அது எட்டாத உயரம். 2023 செப்டம்பர் 1 முதல் அவ்வரசு ஒரு தொழிற்பட்டியல் வகுத்தது. வழக்கமான நாடுகள் அல்லாத, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து எந்தெந்த வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்பது அப்பட்டியல். அதில் சமையற்காரர் சேர்ந்தார். எப்படி? இந்திய உணவு விடுதிகளுக்கு மட்டும் என்ற வரம்போடு. மாத ஊதியம் 2,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்ற அடித்தளத்தோடு. ஒரு நிறுவனத்தின் மொத்த ஆட்களில் நூற்றுக்கு 8 பேருக்கு மேல் இப்பட்டியல் வழியாக வரக் கூடாது என்ற கூரையோடு. 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர் முதலியோரையும் சேர்த்துப் பட்டியல் மேலும் விரிந்தது. அடித்தளமும் கூரையும் இருந்ததால் உள்நாட்டார் அச்சம் குறைந்தது, கதவு திறந்தது. இதுவே நமக்கு வழிகாட்டி என்பேன்.

வேறொரு வழியும் உண்டு. பட்டியலில் கிடைக்காததை வணிக ஒப்பந்தத்தில் பெறுவது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 1,800 பேர் வரை இந்தியச் சமையலாளரும் யோகாசிரியரும் அங்கே போக அதில் இடம் உண்டு. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அதே 1,800 என்ற எண். யோகாசிரியர், செவ்விசைக் கலைஞர், தலைமைச் சமையலாளர் ஆகிய மூவகையினருக்கும் சேர்த்து. பட்டியலின் வாசலில் தள்ளப்பட்டவர் பக்கத்துச் சன்னல் வழியே அழைக்கப்படுகிறார்! வேடிக்கைதான். எனினும் சன்னல் சிறியது. தலைமைச் சமையலாளர் என்று காட்டவும் காகிதம் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். பட்டியலில் பெயர் ஏறுவது மட்டும் நன்மை ஆகிவிடாது. முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் பணியாளரை 2022 பிப்ரவரியில் பிரிட்டன் தன் பட்டியலில் சேர்த்தது. பற்றாக்குறை மெய், தேவையும் மெய். நம் நாட்டிலிருந்தும் பலர் போயினர். நடந்தது என்ன? நடுவில் தரகர் புகுந்தனர். சட்டப்படி வாங்கக் கூடாத தொகையை லட்சக்கணக்கில் வாங்கினர். போய் இறங்கியவர்களில் பலருக்குச் சொன்ன வேலை இல்லை. தவறு செய்த முதலாளிகளின் அனுமதியை அரசு பறித்தது: 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கு மேற்பட்ட அனுமதிகள். அவ்வனுமதிகளோடு கட்டுண்ட பணியாளர் 39,000-க்கும் மேல். முதலாளியின் குற்றத்திற்குத் தண்டனை தொழிலாளி தலையில் விடிந்தது. குறித்த நாளுக்குள் வேறு முதலாளியைத் தேடு, இல்லையேல் ஊர் திரும்பு என்றாயிற்று. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துச் செல்லும் உரிமை போயிற்று. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நின்றது. மூன்றரை ஆண்டுக்குள் திறந்து மூடிய கதவு அது. கடன் வாங்கிப் போனவர் கடன் மட்டும் மூடவில்லை.

ஆகையால் நாம் வைக்கும் வழக்கில் சமையற்காரரின் காவலும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஊதிய அடித்தளம் வேண்டும். ஊதியம் வங்கிக் கணக்கில் வர வேண்டும்; தங்குமிடம், சாப்பாடு என்று அதில் பாதியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரு முதலாளி தவறினால் வேறு முதலாளியிடம் மாறும் உரிமை வேண்டும். ஆள் சேர்க்கும் செலவு அழைப்பவருடையது. இவற்றைச் சேர்த்துக் கேட்டால் கேட்பவர் காதில் வழக்கு இன்னும் நேர்மையாகப் படும். மலிவான ஆள் தேடுகிறார்கள் என்ற ஐயமும் தானே விலகும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் எல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாயின் அரசுப் பாதுகாவலர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். சிங்கப்பூரும் பிரிட்டனும் அந்தப் பதினெட்டில் இல்லை. அங்கே போகிறவரின் ஒப்பந்தத்தை அவ்வாறு பரிசோதிப்பார் இல்லை. நம் சமையற்காரர் பலர் ஆங்கிலம் படியாதவர். கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா? இம்மண்டபத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறீர்கள்!

இப்போது ஆட்டுக்காரரிடம் திரும்புகிறேன். அவருக்கு வெண்கலப் பதக்கம் இருந்தது போல நம்மவருக்கும் ஒன்று இருக்க முடியும். வாசல் ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2013 டிசம்பரில் நம் அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில், பள்ளியில் பயிலாமல் தொழிலிலேயே கற்றவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு உண்டு. சோதனை சமையற்கட்டிலேயே நடத்தக்கூடியது. ஆனால் அதில் உள்ள பாடத்திட்டங்கள் பெரும்பாலும் நட்சத்திர விடுதிச் சமையலை நினைத்து எழுதப்பட்டவை என்பது என் அனுபவம். டிபன் மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என்ற நம் படிகளுக்கு நேரான வரையறை எழுதப்பட வேண்டும்: எத்தனை பேருக்குச் சமைக்க வல்லவர், எந்தெந்தப் பதங்கள் அறிந்தவர், எத்தனை பேரைப் பழக்கியவர் என்று. அதை அதிகாரிகள் தாமாக எழுதப் போவதில்லை. தெரிந்தவர் எழுதிக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். பட்டியலைப் பற்றி அரசுகள் கருத்துக் கேட்கும்போது, அங்கே உள்ள விடுதிக்காரர் சங்கங்கள் "ஆள் இல்லை" என்று மட்டும் எழுதுகின்றன. "திறன் இது, அதன் அளவு இது, அதற்குச் சான்று இது" என்று சேர்த்து எழுத, அவர்களுக்கு இங்கிருந்து சரக்குப் போக வேண்டும்.

சங்கத்திற்கு என் வேண்டுகோள் சிறியது. வாரத்தில் ஒரு மாலை, நூலக அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தாருங்கள். இந்நகரின் மெஸ்களிலும் திருமணச் சமையலிலும் உழைக்கும் நம்மவர் வரட்டும். யாரிடம், எந்த ஆண்டு முதல், எந்தப் படியில் வேலை செய்தார் என்று எழுதி, முதலாளியிடம் கையொப்பம் வாங்கித் தருவோம். வங்கிக் கணக்கில் சம்பளம் வாங்கச் சொல்வோம். வெளிநாட்டு ஒப்பந்தம் வந்தால் படித்துச் சொல்வோம். முதலாளிகள் சிலர் முகம் சுளிப்பார்கள். சம்பளச் சீட்டு கொடுத்தால் சேமநிதியும் கட்ட வேண்டுமே என்று. சுளிக்கட்டும். அவர்களில் சிலர் இச்சங்கத்தின் புரவலர்கள் என்பதையும் அறிந்தே சொல்கிறேன். போக விரும்பாதவருக்கும் அந்தக் காகிதம் பயன்படும். எல்லாரும் போக வேண்டும் என்பது என் எண்ணமும் அன்று. எல்லாரும் போய்விட்டால் நம் வீட்டுத் திருமணத்திற்கு யார் சமைப்பது?

நேரம் ஆகிவிட்டதென்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்கட்டிலிருந்து தாளிதம் மணக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் கவனம் என்னிடம் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. அங்கே நமக்காகச் சமைத்துக்கொண்டிருப்பவர், நான் முன்னே சொன்ன அந்த மாதுங்கா அன்பரேதான். இப்போது திருமணச் சமையலுக்குக் குழு வைத்து நடத்துகிறார். கடன் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தீர்ந்தது. அவருக்கு இன்னும் சான்றிதழ் இல்லை. நூலக மேசைக்கு முதல் விண்ணப்பம் அவருடையதாக இருக்கட்டும் என்று தாளைப் பூர்த்தி செய்து என் பையில் கொண்டு வந்திருக்கிறேன். பந்தி முடிந்து அவர் கை கழுவிய பிறகு கையொப்பம் வாங்க வேண்டும். சாட்சிக் கையொப்பம் இரண்டு தேவைப்படுகிறது. ஒன்று நான் இடுகிறேன், மற்றொன்றுக்கு ஒருவர் வாருங்கள்.